முருங்கன் காடு முதல் பண்டாரவெளி வரை

1978 ஏப்ரல் 7ஆம் திகதி, மன்னார் மாவட்டத்தில் முருங்கனுக்கும் மடுவுக்கும் இடைப்பட்ட காட்டில் பொலிஸ் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் அவருடன் போன மூவரும் கொல்லப்பட்டார்கள். அந்த மாத இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் கடிதம் எழுதி அதற்கு உரிமை கோரினார்கள். மே மாதம் புலிகளையும் அவர்களைப் போன்ற அமைப்புகளையும் தடைசெய்யும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. யாழ்ப்பாணத்தில் அவசரகாலச் சட்டத்தைப் பிறப்பித்த ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன, டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்று கெடு வைத்து பிரிகேடியர் வீரதுங்கவை வடக்கே அனுப்பினார். புதிய சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருந்தது. மூன்று ஆண்டுக்கென்று வந்ததை 1982இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

உலகப் பயங்கரவாதம் எந்தத் திசையில் போகிறது, அரசுகள் அதற்கு எப்படி முகம் கொடுக்கின்றன என்ற கேள்வியை வாஷிங்டனிலிருந்தும் பிரஸ்ஸல்ஸிலிருந்தும் எழுதுபவர்கள் ஏராளம். மன்னாரிலிருந்து அதைப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான சனத்தொகை கொண்ட சிறிய மாவட்டம் இது. பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். மீதியில் பெரும்பகுதி இந்துக்களும் முஸ்லிம்களும். இந்த மூன்று சமூகங்களும் கடந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் வெவ்வேறு காலங்களில் கொலைக்கும் விரட்டலுக்கும் ஆளாகியிருக்கின்றன. சந்தேக நபர்களாகவும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் உடம்பில் சுமந்த ஊருக்கு இந்தக் கேள்வியில் சொல்ல நிறைய உண்டு.

முதலில் நடந்தவற்றைச் சொல்லிவிட வேண்டும். 1984 டிசம்பர் 4ஆம் திகதி மன்னார் - முருங்கன் வீதியில் இராணுவ வாகனம் தாக்கப்பட்டதற்குப் பழிவாங்க, இராணுவத்தினர் அந்த வீதி நெடுகிலும் நூறுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். பத்து நாள் கழியுமுன்னே மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் முருங்கன் பக்கத்தில் கொல்லப்பட்டார். 1985 ஜனவரி 6ஆம் திகதி வங்காலை பங்குத்தந்தை மேரி பஸ்தியன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1999 நவம்பரில், அடைக்கலம் தேடி மடு ஆலயத்தில் தங்கியிருந்த மக்கள் மீது எறிகணை விழுந்து சுமார் 40 பேர் மாண்டார்கள். இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டின. 2006 ஜூனில், கடலில் நடந்த சண்டைக்குப் பின் பேசாலை வெற்றிநாயகி ஆலயத்துக்குள் ஒதுங்கியிருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். 2008 ஜனவரியில் மடுப் பகுதியில் கிளைமோர் வெடித்து பஸ்ஸில் போன பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். ஊடுருவித் தாக்கும் இராணுவ அணியின் வேலை என்றார்கள் தமிழர் தரப்பினர், இராணுவம் மறுத்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். மொத்தம் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தவர்கள் தரை வழியே போனார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்களுக்கும் அயல் ஊரவர்களுக்கும் கடல்தான் வழி. பொருள்களைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தைகளோடு வள்ளங்களில் ஏறி கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளத்தின் ஓலைக் குடிசை முகாம்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. இதை ‘இடம்பெயர்வு’ என்று மெதுவாகச் சொல்லிக் கடந்துபோகும் பழக்கம் தமிழ் எழுத்தில் இன்றும் உண்டு. ஆயுதம் தாங்கிய ஓர் அமைப்பு, ஒரு சமூகத்தை அதன் மதத்தின் பேரால் ஒரே வாரத்தில் துடைத்தெறிந்தது. உலகின் எந்த வரைவிலக்கணத்தை எடுத்து வைத்தாலும் இது பயங்கரவாதம்தான். 1984இன் வீதிக் கொலைகளை அரச பயங்கரவாதம் என்று சொல்ல எனக்குள்ள உரிமை, இதையும் அப்படியே சொல்லும் கடமையோடு சேர்ந்துதான் வருகிறது.

ஆயுதம் மாறிய கதை

இன்றைய ஆய்வறிக்கைகள் ‘வளர்ந்துவரும் போக்குகள்’ என்று பட்டியலிடும் பலவற்றின் முதல் வடிவங்களை இந்தக் கரை முன்பே கண்டிருக்கிறது. 2008 ஒக்டோபர் 28ஆம் திகதி இரவு, செக் நாட்டுத் தயாரிப்பான சிறிய பயிற்சி விமானத்தில் வந்த புலிகள் மன்னார் தள்ளாடி இராணுவ முகாம் மீது குண்டு போட்டுவிட்டு, அதே இரவில் கொழும்பு களனிதிஸ்ஸ மின்நிலையத்தையும் தாக்கினார்கள். அரசல்லாத ஓர் அமைப்பு சொந்த வானூர்தியில் வந்து தாக்குவது அப்போது உலகத்துக்கே புதிது. இன்று மாலியிலும் புர்கினா பாசோவிலும் அல்கைதா சார்பு ஜேஎன்ஐஎம் அமைப்பு கடையில் வாங்கக்கூடிய ட்ரோன்களில் குண்டு கட்டி அனுப்புகிறது. விடத்தல்தீவு 2008 ஜூலையில் இராணுவத்தின் கையில் விழும்வரை கடற்புலிகளின் முக்கிய தளம். வெடிமருந்து நிரப்பிய படகை மனிதன் ஓட்டிப்போய் மோதும் முறையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். செங்கடலில் ஹூதிகள் ஆளில்லாமலே அப்படிப் படகு விடுகிறார்கள்.

ஆனால் புலிகளிடம் நிலம் இருந்தது, நிர்வாகம் இருந்தது, வீட்டுக்கொருவர் என்று கட்டாயமாகப் பிள்ளை பிடிக்கும் அளவுக்குக் கட்டுப்பாடும் இருந்தது. அப்படிப்பட்ட அமைப்பை எதிர்கொள்ள அரசு கண்ட வழி, நிலத்தையும் கடலையும் மனிதரையும் ஒட்டுமொத்தமாக அடைப்பது. 1984 இறுதியில் மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரை கடலில் தடை வலயம் வந்தது. மீனவனுக்கு பாஸ், வெளியிணைப்பு இயந்திரத்தின் குதிரைவலுவுக்கு உச்ச அளவு, கடலில் நிற்கக்கூடிய மணிக்கணக்கு என்று எல்லாவற்றுக்கும் வரம்பு வைத்தார்கள்.

தரையில் அன்று தள்ளாடிச் சோதனைச்சாவடி. தீவுக்குள் போகும் பாலத்துக்கு முன்னால் பஸ் நிற்கும். எல்லோரும் இறங்க வேண்டும். ஐசி எனப்படும் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பொதியை மேசையில் கொட்டி, சோற்றுப் பார்சலைக்கூட விரித்துக் காட்டி, மறுபக்கம் நடந்துபோய், வெறும் பஸ் வந்து சேரும்வரை வெயிலில் நிற்பார்கள். ஐசியில் பிறந்த இடம் வன்னி என்றிருந்தால் அந்த ஆள் மட்டும் ஒதுக்கி நிறுத்தப்படுவார். அவருக்காக பஸ் காத்திருக்குமா என்பது சாரதியின் மனதைப் பொறுத்தது. ஒருவர் என்ன செய்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்கே பிறந்தார், என்ன பெயர் வைத்திருக்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது. சந்தேகத்தை இப்படிப் பிறப்போடு ஒட்டிவைக்கும் பழக்கம் போர் முடிந்த பின்னும் விசாரணைப் பிரிவுகளை விட்டுப் போகவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டமும் அதே அச்சில் வார்த்ததுதான். 9ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் கையெழுத்திட்டால் மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்துவைக்க முடிந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகும். அது வலிந்து பெறப்பட்டதென்று காட்டும் சுமை சந்தேக நபரின் தலையில். சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லாது. இந்த ஒரு விதிவிலக்கு ஒரு முழுத் தலைமுறைத் துப்பறிவாளர்களைத் தடயம் தேடும் உழைப்பிலிருந்து விடுவித்துவிட்டது. வாக்குமூலம் கையில் இருக்கும்போது தொலைபேசிப் பதிவையோ பணத்தின் வழியையோ வெடிமருந்தின் மூலத்தையோ தேடி அலைவதற்கு என்ன அவசியம்? பயங்கரவாதத் தடைச் சட்டம் மனித உரிமையைக் கெடுத்தது என்று பலர் சொல்லிவிட்டார்கள். அது புலனாய்வையும் கெடுத்தது என்பதைப் போதிய அளவு யாரும் சொல்லவில்லை. அதன் விலை 2019இல் தெரிந்தது.

ஏப்ரல் 21க்கு முன்னால் வந்த எச்சரிக்கைகள்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதிக்குத் தெற்கே வில்பத்துக் காடு. காட்டைத் தாண்டினால் புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லு. 2019 ஜனவரியில் அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் பெருமளவு வெடிபொருள் சிக்கியது. முந்திய மாதம் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டது பற்றிய விசாரணைதான் பொலிஸாரை அந்தத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது. அதற்கும் முன்பே, 2017 மார்ச்சில் காத்தான்குடியில் நடந்த மோதலுக்குப் பிறகு, பின்னாளில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் தேடப்படும் நபர். அவரது பேச்சுகள் பற்றி காத்தான்குடி சூபி முஸ்லிம்கள் உட்படப் பலர் முறைப்பாடு செய்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து, பெயர்களோடும் தேவாலயங்களைக் குறிவைக்கும் திட்டம் என்ற விவரத்தோடும் தகவல் வந்தது. கோயம்புத்தூரில் பிடிபட்டவர்களை விசாரித்தபோது சஹ்ரானின் தமிழ்ப் பேச்சுகள் அவர்களை ஈர்த்திருந்தது தெரியவந்ததாகச் செய்திகள் சொன்னன.

அயலவர்களே முறையிட்டிருந்தார்கள், வெடிமருந்து கையில் அகப்பட்டிருந்தது, வெளிநாட்டு உளவுத் துறை பெயரையும் கொடுத்திருந்தது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார், மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தடுத்துவைக்கும் அதிகாரம் போதவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. உலகின் கடுமையான சட்டங்களுள் ஒன்று நாற்பது ஆண்டுகளாகக் கையில் இருந்தது. வந்த தகவலை உரிய இடத்துக்கு அனுப்பி, உரிய வாசலில் காவல் போடும் சாதாரணக் கடமையை யாரும் செய்யவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அப்படித்தான் கண்டது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுத் தலைவரும் தலா 7.5 கோடி கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

குண்டுகளுக்குப் பின் வந்த எதிர்வினை பழைய பாதையிலேயே போனது. அவசரகாலச் சட்டம், முகத்தை மூடும் ஆடைக்குத் தடை, வீடுவீடாகத் தேடுதல், அடுத்த மாதம் வடமேற்கில் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்த கும்பல்கள். மன்னாரில் கத்தோலிக்கர் துயரத்தில் இருந்தார்கள். முஸ்லிம்கள் பயத்தில் இருந்தார்கள். 1990இல் புலிகளால் துரத்தப்பட்டு, 2009க்குப் பின் மெல்லத் திரும்பிவந்து பற்றைக் காட்டை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள், இப்போது வேறொருவரின் குற்றத்துக்காக மறுபடி பார்வைக்குள் வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த முஸ்லிம்களின் பஸ் வரிசை மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பதால் அதுவும் விரைவில் மறந்துபோன செய்தியாயிற்று.

இந்தக் கட்டத்தில்தான் பண்டாரவெளி வருகிறது. முசலியில் சிலாவத்துறைக்குப் பக்கத்திலுள்ள சிற்றூர். அஹ்னாப் ஜஸீம் அந்த ஊர்க்காரர், தமிழ்க் கவிஞர், புத்தளம் மதுரங்குளியில் ஆசிரியராக இருந்தவர். 2017இல் ‘நவரசம்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். கவிதைகள் மாணவர்களைத் தீவிரவாதத்துக்கு இழுக்கின்றன என்பது குற்றச்சாட்டு. அந்தத் தொகுப்பைத் தமிழில் படித்தவர்கள் கண்டது வேறு: ஐஎஸ் இயக்கத்தின் கொலைகளைக் கண்டிக்கும் கவிதைகளே அதில் இருக்கின்றன. 2021 டிசம்பர் 15 வரை, 19 மாதம், அவர் உள்ளே இருந்தார். புத்தளம் மேல் நீதிமன்றம் முதலில் பிணை கொடுத்தது. 2023 டிசம்பரில் அதே நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இதை ஒரு தனிமனிதனுக்கு நேர்ந்த அநியாயமாக மட்டும் பார்த்தால் விஷயத்தின் பாதிதான் பிடிபடும். தமிழ் முஸ்லிம் இளைஞர்களிடையே, அவர்களுடைய மொழியிலேயே, வன்முறைக்கு எதிராகப் பேசக்கூடிய ஒரு குரல் அது. ஐநா சபையின் தீவிரவாதத் தடுப்புத் திட்டங்கள் கோடிக்கணக்கான டொலர் செலவழித்துத் தேடுவது இப்படிப்பட்ட குரலைத்தான். அது முசலியில் தானாகவே, ஒரு சதம் செலவில்லாமல் முளைத்திருந்தது. நம்முடைய பயங்கரவாத விசாரணைப் பிரிவு அதைப் பிடித்து உள்ளே போட்டது. அதைப் பார்த்த பிறகு, அடுத்த சஹ்ரானைப் பற்றி முறைப்பாடு செய்ய முசலியிலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ யார் பொலிஸ் நிலையப் படியேறுவார்?

இனி வருவது

உலக நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிட்னியிலுள்ள பொருளாதார, சமாதான நிறுவனம் 2025இல் வெளியிட்ட பயங்கரவாதச் சுட்டெண்படி, 2024இல் பயங்கரவாதத்தால் இறந்தவர்கள் 7,555 பேர். அதில் பாதிக்கு மேல் ஆபிரிக்காவின் சாஹேல் பகுதியில். தாக்குதல் நடந்த நாடுகள் 58இலிருந்து 66 ஆகின. ஐஎஸ் தன் கிளைகளாகப் பரவி நிற்கிறது. அதன் கொராசான் கிளை 2024 மார்ச்சில் மொஸ்கோ குரோக்கஸ் மண்டபத்தில் 140க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மேற்கு நாடுகளில் பெரும்பாலான தாக்குதல்கள் தனியாட்களுடையவை. கைதாகிறவர்களில் பதின்ம வயதினர் கூடிக்கொண்டே வருகிறார்கள். மதத் தீவிரவாதத்தோடு வெள்ளை இனவெறியும் வளர்கிறது. 2019 மார்ச்சில் கிரைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அதை முகநூலில் நேரலையாகக் காட்டினான்.

தமிழ் பேசும் உலகத்துக்கு இதில் கவலைப்பட வேண்டியது மொழி சார்ந்த ஓட்டை. பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் ஆங்கிலத்தில் வடிகட்டும் வெறுப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் அதே அளவுக்கு வடிகட்டுவதில்லை. முஸ்லிம்களுக்கு எதிரான 2018 திகன கலவரத்தில் தங்கள் தளத்தின் பங்கு குறித்து முகநூல் நிறுவனம் இரண்டு ஆண்டு கழித்து வருத்தம் தெரிவித்தது. சஹ்ரானின் பேச்சுகள் வெகுகாலம் இணையத்தில் தங்குதடையின்றிச் சுற்றின. இனி செயற்கை நுண்ணறிவால் எந்தப் பேச்சையும் நிமிடத்தில் தமிழாக்கி, செத்தவரின் குரலிலேயே பேச வைக்கலாம். ஒரு பிள்ளை தன் அறையில் கைபேசியோடு மாறிப்போவதைத் தள்ளாடி மேசையில் சோற்றுப் பார்சலை விரித்துக் கண்டுபிடிக்க முடியாது. தாய் கண்டுபிடிப்பாள், மௌலவியோ பங்குத்தந்தையோ வகுப்பாசிரியரோ கண்டுபிடிப்பார். அவர்கள் வாய் திறப்பதற்கு, பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் 12 மாதம் காணாமல் போய்விடுவான் என்ற பயம் இல்லாத ஓர் இடம் வேண்டும். டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரம் சிரியாவிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கு ஆலோசகரும் வேலையும் வீடும் கொடுத்து அப்படியோர் இடத்தை முயன்று பார்த்தது. நம்மிடம் 12,000 அளவிலான முன்னாள் போராளிகளுக்குப் புனர்வாழ்வு நடந்தது. அதை இராணுவம் தன் கையில் வைத்திருந்ததால், வெளியே வந்தவர் வீட்டுக்கும் புலனாய்வாளர் மாதாமாதம் வந்து நின்றார்கள்.

கடல் வேறு கதை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர், நடுவில் மணல் திட்டுகள். 1983இலும் 1990இலும் 2006இலும் அகதிகள் போன பாதை. 2022 மார்ச்சில் அரிசி விலைக்கு அஞ்சியும் போனார்கள். இன்று அதே பாதையில் கேரள கஞ்சா, ஐஸ், பீடி இலை, மஞ்சள், தங்கம் எல்லாம் போய்வருகின்றன. 2021 மார்ச்சில் கேரளாவின் விழிஞ்ஞம் அருகே பிடிபட்ட இலங்கைப் படகில் 300 கிலோ ஹெரோயினும் ஐந்து ஏகே-47 துப்பாக்கிகளும் இருந்தன. போதைப்பொருள் கடத்துபவன் ஆயுதமும் கடத்துவான், பணம் கொடுத்தால் யாருக்கும் கடத்துவான். வருங்காலத்தில் இந்தக் கரைக்கு மிக நெருக்கமான அபாயம் இதுதான் என்று நினைக்கிறேன். கடலில் இரவு எந்தப் படகு எங்கே விளக்கணைத்துப் போகிறது என்பது பேசாலைக்கும் தாழ்வுபாட்டுக்கும் தெரியும். ஆனால் அந்த மீனவர்கள் கடற்படையிடம் சொல்லிக்கொண்டிருப்பதெல்லாம் தங்கள் வலையை அறுக்கும் இந்திய இழுவைப்படகுகளைப் பற்றித்தான். அந்த முறைப்பாடு தீராதவரை வேறெதையும் சொல்லும் மனம் வராது. முள்ளிக்குளத்தைக் கேளுங்கள். 2007 செப்டம்பரில் போரின்போது வெளியேற்றப்பட்ட கிராமம், அப்படியே கடற்படைத் தளமாயிற்று. மக்கள் போராடிய பின் 2017இல் 100 ஏக்கர் விடுவதாக ஒப்புக்கொண்டார்கள். சொந்த வீட்டை முள்வேலிக்கு உள்ளே பார்த்துக்கொண்டு காட்டோரம் குடியிருந்தவனிடம் கரையைக் காக்க ஒத்துழை என்று எந்த முகத்தோடு கேட்பது?

இப்போது சட்டம் மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது. 2018இல் ஒரு மசோதா, 2023இல் இரண்டு, எல்லாம் கைவிடப்பட்டன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்து வந்த இன்றைய அரசும், 2025 மார்ச்சில் காஸா தொடர்பான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞரை அதே சட்டத்தில் தடுத்துவைத்தது. 2025 இறுதியில் பதிலீட்டுச் சட்டத்துக்கு வரைவு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. பயங்கரவாதம் என்பதன் வரைவிலக்கணம் உயிரைக் குறிவைக்கும் வன்முறையோடு நிற்கிறதா, நீதவான் பார்க்காமல் நிறைவேற்று அதிகாரி கையெழுத்தில் மாதக்கணக்காக அடைக்க முடிகிறதா, பொலிஸ் வாக்குமூலம் சாட்சியமாகிறதா, தமிழ் எழுத்தைத் தமிழ் தெரிந்த சுயாதீன ஆளிடம் கொடுத்துப் படிக்காமல் வழக்குப் போட முடிகிறதா என்று அந்த வரைவை வரிவரியாகப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வி கொழும்பின் சட்டத்தரணிகளுக்குச் சிறியதாகத் தோன்றலாம்; பண்டாரவெளிக்கு அது 19 மாதம்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு நல்லிணக்க ஆணைக்குழு முன் போய், கச்சேரிகள் எனப்படும் மாவட்டச் செயலகங்களின் சொந்தப் பதிவையே எடுத்து வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியிலிருந்தவர்கள் 429,059, அரச பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன ஆனது என்று கேட்டார். அந்தக் கணக்கை இன்றுவரை எந்த அரசாலும் மறுத்துக் காட்ட முடியவில்லை. புதிய சட்ட வரைவுக்கும் அந்த வகையான ஆவணம் மன்னாரிலிருந்து போக வேண்டும்: 1979 முதல் இந்த மாவட்டத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் யார் யார் கைதானார்கள், எத்தனை மாதம் இருந்தார்கள், எத்தனை பேர் மீது குற்றம் நிரூபணமாயிற்று, எத்தனை பேர் வெறுங்கையோடு விடுவிக்கப்பட்டார்கள் என்ற கணக்கு, ஆயர் இல்லமும் பள்ளிவாசல் சம்மேளனமும் கோயில் சபைகளும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து கையெழுத்திட்டு, பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கும் முன்.